பழைய வரிசை காலியாகும் வரை

மார்ச் 3

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

போனை எடுக்க மாட்டாய். என் மின்னஞ்சலைப் பார்த்ததும் குப்பையில் போடுவாய். தபால்காரரை என்ன செய்வாய் என்று பார்க்கலாம் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். தவிர, மின்னஞ்சலில் நாம் இரண்டு பேரும் சுடச்சுடப் பதிலடி கொடுத்துத்தான் இந்த லட்சணத்துக்கு வந்து நிற்கிறோம். காகிதம் என்றால் உறையை ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். எனக்கு ஆறவில்லை, அது வேறு விஷயம்.

முதலில் காரியம். நான் வேலை பார்க்கும் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை உனக்குத் தெரியும். அவசரத்துக்கு அழைப்பவர்களின் குரல் எல்லாம் ஒரே சர்வர் வழியாகத்தான் வருகிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதில் எட்டு ப்ராசஸர்கள். அழைப்புகள் கூடினால் ஒன்று மட்டும் மூச்சு முட்டிப்போகிறது, மற்ற ஏழும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கின்றன. குரல் துண்டு துண்டாக உடைகிறது.

போன மாதம் ஒரு பெண் அழைத்தாள். மாமனார் வாய் கோணி விழுந்துவிட்டார் என்று பதறினாள். தெருப் பெயரைச் சொல்லும்போது குரல் அறுந்தது. வண்டி வேறு தெருவுக்குப் போய்த் தேடிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இடது கையை இன்னும் தூக்க முடியவில்லை. அந்த அழைப்பை எடுத்த ஆபரேட்டரை நாங்கள் ‘கடிகாரம்’ என்று கூப்பிடுவோம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியேதான் பேசுவாள். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு முகவரியையும் மூன்று தடவை கேட்கிறாள்.

இதற்கு மருந்து மெஷினை உள்ளிருந்து இயக்கும் கெர்னலிலேயே இருக்கிறது. குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து வருகிற பாக்கெட்டுகளை ப்ராசஸர்களுக்குள் பங்கிட்டு அனுப்பும் பகுதி. அதை எழுதியவள் நீ. அதற்கு நீ எழுதி வைத்திருக்கும் விளக்கத்தை எங்கள் மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இதை யாருக்காக எழுதியிருக்காங்க?” என்று கேட்டார். பிறகு தெளிவாகச் சொல்லிவிட்டார்: “எதை மாத்தறோம், ஏன் மாத்தறோம், தப்பாப் போனா எப்படித் திருப்பறோம்னு ஷிஃப்ட்ல இருக்கிறவங்க படிச்சுப் புரிஞ்சுக்கணும். அப்படி ஒரு எழுத்து இல்லாம உயிர் சம்பந்தப்பட்ட மெஷின்ல கை வைக்க விடமாட்டேன்.”

ஏப்ரல் மூன்றாம் தேதி கூட்டம். அதற்குள் வழி தெரியாவிட்டால் எங்கள் அறையை மூடிவிட்டு, அழைப்புகளை எங்கோ தூரத்து மையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கே இருப்பவர்களுக்கு இந்த ஊரின் சந்துபொந்து ஒன்றும் தெரியாது. அப்புறம் குரல் தெளிவாகக் கேட்டு என்ன புண்ணியம்?

ஆகவே எழுது. மனிதர்கள் படிக்கிற மாதிரி எழுது. கெர்னல்காரர்களின் பொது மின்னஞ்சல் பட்டியலில் நான் கேட்டதும் அதைத்தான். கேட்ட விதத்தில் கொஞ்சம் காரம் கூடிவிட்டது. ஆனால் கேட்டது நியாயம். நீ தலைகீழாக நின்றாலும் நான் விடப்போவதில்லை.

உன் அக்கா


மார்ச் 10

அக்கா,

கொஞ்சம் காரமா? நீ எழுதியதை அப்படியே எடுத்து வைக்கிறேன்: “இந்த விளக்கத்தை எழுதியவருக்கு வீட்டில் யாரும் பேசக் கற்றுக்கொடுக்கவில்லையா?” கெர்னல் எழுதுகிற அத்தனை பேரும் படிக்கும் பட்டியல் அது. எழுதியது நான் என்று தெரிந்தேதான் எழுதினாய். என் எதிர் மேசைக்காரன் அதை உரக்கப் படித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அம்மா வேலைக்குப் போன பகல்களில் எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது யார் என்று உனக்கு மறந்துவிட்டதா?

“நிரலைப் படித்துக்கொள்ளுங்கள்” என்று உனக்குப் பட்டியலில் பதில் போட்டேன். இப்போதும் என் கட்சி அதுதான். நிரல் பொய் சொல்லாது. விளக்கம் பழசாகிப்போகும், அதை நம்பி யாராவது எங்கேயாவது கை வைத்து மாட்டிக்கொள்வார்கள்.

ஆனால் அந்த மாமனாரின் இடது கை என்னைத் தூங்க விடவில்லை. எழுதியிருக்கிறேன். இணைத்திருக்கும் தாள்களின் சாரம் இதுதான்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரின் முகவரியும், எந்த நிரலுடையது என்று காட்டும் போர்ட் எண்ணும் இருக்கும். நெட்வொர்க் கார்டு அவற்றைக் கலந்து ஒரு எண்ணைக் கணக்கிடும். அந்த எண்தான் பாக்கெட் எந்த வரிசைக்குப் போகவேண்டும் என்று சொல்லும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ப்ராசஸர் உண்டு. ஒரே உரையாடலுக்கு எப்போதும் ஒரே எண்தான் கிடைக்கும், ஆகவே அது முழுக்க ஒரே ப்ராசஸருக்குப் போகும். உங்களுடையது பழைய கார்டு, அதில் ஒரே ஒரு வரிசைதான். அப்படிப்பட்ட இடத்தில் கெர்னலே அந்தப் பங்கீட்டைச் செய்யும். கார்டு எந்த ப்ராசஸரைத் தட்டி எழுப்புகிறதோ, அது பாக்கெட்டை வாங்கி, எண்ணைப் பார்த்து, இன்னொரு ப்ராசஸரின் வரிசையில் போட்டுவிட்டு அதை எழுப்பிவிடும். இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. அந்தப் பாக்கெட்டைப் படிக்கப்போகும் நிரல் எந்த ப்ராசஸரில் ஓடுகிறதோ, அங்கேயே பாக்கெட்டை அனுப்பலாம். நிரல் இடம் மாறினால் பாக்கெட்டும் பின்னாலேயே மாறும், பழைய வரிசை காலியான பிறகு.

இதில் புரியாதது என்ன இருக்கிறது?

தங்கை (கோபத்தில்)


மார்ச் 17

அடியே,

கழிவறையில் அழுதாய் என்று படித்ததும் உன் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன்னை எழுத வைக்கத்தான் நினைத்தேன், அழ வைக்க இல்லை. அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் ‘புரியாதது என்ன இருக்கிறது’ என்று கேட்டாயே, அந்த வாய் மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உன் தாள்களை டீ குடிக்கும் மேசையில் வைத்து எல்லாருமாகப் படித்தோம். முதல் இரண்டு பகுதியும் புரிந்தது. கடிகாரம் சொன்னாள், “ஒருத்தரோட பேச்சு முழுக்க ஒரே ஆள்கிட்டதான் போகும், நடுவுல கை மாறாது. நாங்க பண்றதும் அதானே?” சரிதானே? இதை உன் தாளில் இப்படி எழுதியிருந்தால் என்ன, கிரீடம் இறங்கிவிடுமா?

எங்களிடம் முன்பு வண்டி ஓட்டி, முதுகு போன பிறகு ஆபரேட்டராக வந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு கேள்வி கேட்டார்: “வாசல்ல நின்னு எல்லாத்தையும் வாங்கி வாங்கி மத்தவங்களுக்குக் குடுக்கிறாரே ஒரு ப்ராசஸர், அவருக்கும் உள்ள ஒரு நாற்காலி போட்டு வேலை குடுக்கலாமா?” எனக்குத் தெரியவில்லை. உன் தாளிலும் இல்லை.

கடைசிப் பகுதி ஒருவருக்கும் ஏறவில்லை. ‘பழைய வரிசை காலியான பிறகு.’ ஏன்? நிரல் இடம் மாறிவிட்டது என்று தெரிந்த உடனே பாக்கெட்டையும் அங்கே அனுப்பவேண்டியதுதானே, எதற்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டும்? மேலாளர் அந்த வரியில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். வட்டம் போட்டதை அவர் மறக்கிற ஆள் இல்லை.

திருத்தி அனுப்பு. நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன்.

அக்கா


மார்ச் 24
(வீட்டு முகவரிக்கு)

அக்கா,

கடிகாரம் சொன்னது சரி. என் வாக்கியத்தை அடித்துவிட்டு அவளுடைய வாக்கியத்தைப் போட்டிருக்கிறேன். கிரீடம் எதுவும் இறங்கவில்லை.

எந்தெந்த ப்ராசஸர்கள் பங்கெடுக்கலாம் என்று நீ ஒரு இடத்தில் குறிக்கவேண்டும். எட்டையும் குறித்துவிடு. இருப்பவர்கள் எல்லாரும் வேலை செய்யட்டும்.

அந்தச் சிவப்பு வட்டம் போட்ட வரிக்கான விளக்கத்தை ஐந்தாறு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். எப்படி நடக்கிறது என்று சொல்ல வருகிறது: ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பாக்கெட் வெளியேறியது என்று ஒரு எண்ணிக்கை ஓடும். இந்த உரையாடலின் கடைசிப் பாக்கெட் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்து வைப்போம். எண்ணிக்கை அந்த இடத்தைத் தாண்டினால்தான் புது ப்ராசஸருக்கு மாறுவோம். ஏன் அப்படி என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், விளக்கம் எழுத எனக்குப் பயம். எழுதுகிற கணத்தில் எனக்கே புரியாத மாதிரி ஆகிவிடுகிறது. நிரலைப் படியுங்கள் என்று சொல்வதெல்லாம் அதை மறைக்கத்தான். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

விடுப்பு கேட்டிருக்கிறேன். கூட்டத்துக்கு நானே வருகிறேன். உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவர் எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன். உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

தங்கை


மார்ச் 24
(அஞ்சல் அட்டை)

தண்ணீர்க் குழாய் உடைந்து வீட்டுக்குள் வெள்ளம். தரையைப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறேன். இனிமேல் கட்டுப்பாட்டு அறை முகவரிக்கே எழுது. திருத்தம் என்னாயிற்று?

அக்கா


மார்ச் 28
(கட்டுப்பாட்டு அறை முகவரிக்கு, விரைவுத் தபால்)

அக்கா,

உன் அட்டை கிடைத்தது. அவசரமாக எழுதுகிறேன். போன கடிதத்தில் நான் எழுதியது தவறு. அதைச் செய்துவிடாதே. செய்தால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். எது சரி என்று சோதித்துப் பார்த்துவிட்டுத் தனியாக எழுதுகிறேன், சோதிக்காமல் எழுதி மாட்டிக்கொண்டது போதும்.

விடுப்பு கிடைக்கவில்லை, என்னால் வரவும் முடியாது. நம்பிக்கொண்டு இருக்காதே.

தங்கை


மார்ச் 31

இதை உன் பெயர் போட்டு ஆரம்பிக்கக்கூட மனம் வரவில்லை.

‘போன கடிதத்தில் எழுதியது தவறு.’ அந்தத் தாள்களை எங்கள் ஆட்கள் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்து வைத்திருக்கிறார்கள். கடிகாரம் தன் டீ தம்ளருக்கு அடியில் வைத்து, கறை படியப் படியப் படித்தாள். மொத்தமும் தவறாம்! ஒரு காரணம் இல்லை, எந்த வரி என்று இல்லை, செய்யாதே என்று ஒரு கட்டளை. போன் செய்தேன். வழக்கம்போல எடுக்கவில்லை.

மேலாளரிடம் போனேன். விளக்கம் தவறு என்று எழுதியவளே சொல்கிறாள், அதை வைத்துச் செய்யவிருந்த சோதனையை நிறுத்திவிடுங்கள் என்றேன். நேர்மையாகச் சொல்லத்தானே வேண்டும்? அவர் மூடும் உத்தரவின் நகலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து மேலே வைத்தார். கடிகாரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

‘வர முடியாது, நம்பிக்கொண்டு இருக்காதே’ என்கிறாய். உன்னை யார் வரச்சொன்னது? வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேனா?

சரி. எனக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நிரலைப் படி என்றாய் அல்லவா, படிக்கிறேன். வரி வரியாக அச்சடித்து அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பாதி புரியவில்லை. புரிகிறவரை சுவரை விட்டு நகர மாட்டேன். நீ இல்லாமலே எழுதிக் காட்டுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

என் சின்னவளே,

உட்கார்ந்துகொண்டு படி. நிறைய இருக்கிறது.

கூட்டத்துக்கு முதல் நாள், மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். கொத்தனார் விட்டுப்போன மணல் மூட்டைக்குப் பின்னால் தபால் பெட்டி. அதற்குள் உன் 24-ஆம் தேதிக் கடிதம், நனைந்து உப்பிப்போய் இருந்தது. மணல் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு, தரை ஒட்டுகிற ஆள் பார்க்கிறானே என்றுகூட இல்லாமல் அழுதேன். ‘போன கடிதம்’ என்று நீ சொன்னது இதைத்தான்! இதில் இருக்கிற ஏதோ ஒரு வரியைத்தான். தாள்கள் முழுக்கச் சரி. நானோ அதற்குள் என் வாயாலேயே காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ வருகிறேன் என்று எழுதியதைப் பார்க்காமலே, வர முடியாது என்றதற்கு உன்னை வைதும் விட்டேன். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பிடிக்க ஒரு வழியும் இல்லை.

எந்த வரி தவறு என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ‘எட்டையும் குறி’ என்றதைப் படித்ததுமே ஓட்டுநரின் கேள்வி ஞாபகம் வந்தது. வாசலில் நிற்பவனுக்கு உள்ளே நாற்காலி எதற்கு? அவன் ஏற்கெனவே மூச்சு வாங்குகிறான். சோதனை மெஷினில் எட்டையும் குறித்துப் பார்த்தேன், குரல் உடைந்தது. அந்த ஒன்றை விட்டுவிட்டு ஏழைக் குறித்தேன், உடையவில்லை. (இன்று காலை உன் சோதனைக் கடிதமும் வந்தது. அதிலும் ஏழுதான்.)

கூட்டத்தில் மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மூணு நாள் முன்னாடி தப்புன்னீங்க. இன்னைக்குச் சரிங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க?” என்றார். நியாயமான கேள்வி. கையில் உன் இரண்டு உறைகளும் இருந்தன. வேறு வழி தெரியாமல் அவற்றை அவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

“ரெண்டும் ஒரே ஆள் எழுதினது சார். முதல் கடிதம் என் பழைய விலாசத்துக்குக் கிளம்பிச்சு. அது வந்து சேர்றதுக்குள்ள நான் விலாசத்தை மாத்திட்டேன். அவ அடுத்த கடிதத்தைப் புது விலாசத்துக்கு அனுப்பிட்டா. பின்னால எழுதினது முன்னால வந்துருச்சு. ரெண்டுலயும் ஒரு எழுத்துகூட தொலையலை. ஆனா வரிசை மாறினதால நான் எல்லாத்தையும் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்.”

அவர் தேதிகளைப் பார்த்தார். பிறகு உன் தாளைப் புரட்டி, தான் போட்ட சிவப்பு வட்டத்தில் விரலை வைத்தார். கடிகாரம் எழுந்தாள். “அப்போ பழைய பெட்டி காலியாயிடுச்சான்னு பார்த்துட்டுத்தான் புது விலாசத்துக்கு மாறியிருக்கணும். அதைத்தான் சார் அந்த வரி சொல்லுது. ப்ராசஸர் மாறும்போது பேச்சு முன்னும் பின்னுமா ஆகக்கூடாதுன்னு” என்றாள்.

“இதை எழுதினவங்களே இதை மறந்துட்டாங்களா?” என்று கேட்டார் மேலாளர்.

“எழுதினவங்களும் மறந்துட்டாங்க, அவங்க அக்காவும் மறந்துட்டாங்க” என்றாள் அந்த வாயாடி. மேலாளர் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மூடும் உத்தரவின் மேல் ‘நிறுத்தி வைக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே சிவப்பு மை.

நேற்று மெஷினில் ஏற்றினோம். சந்தைப் பக்கம் ஒரு பேருந்து கவிழ்ந்து, அழைப்புகள் கொட்டின. எட்டு ப்ராசஸரும் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு கிழவர் தன் பேத்தியின் கால் மாட்டிக்கொண்டதாக அழைத்தார். இடம், திருப்பம், பக்கத்துக் கடை எல்லாம் சொன்னார். கடிகாரம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

இந்த உறைக் கதையை விளக்கத்தில் சேர்த்துவிடு. உனக்குச் சொல்ல வராதது இதுதான். மார்ச் 31 என்று தேதி போட்ட என் கடிதம் கிடைத்தால் பிரிக்காமல் அடுப்பில் போடு.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

தபால்காரர் விடுப்பு முடிந்து வந்து உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் போட்டார். பட்ட பிறகு புத்தி வந்திருப்பதால், தேதியைப் பார்த்துப் பழையதைத்தான் முதலில் பிரித்தேன். அடுப்பில் போடச் சொன்னது அடுத்த உறையில் இருந்தது, நான் என்ன செய்வேன்? வெற்றிலை பாக்கு வரைக்கும் போயிருக்கிறாய். முதலில் சுருக்கென்றது. பிறகு சுவரில் நிரலை ஒட்டிவைத்துக்கொண்டு நீ முறைப்பதை நினைத்துச் சிரித்துவிட்டேன். அதைப் படமெடுத்து அனுப்பு.

வெட்கமாகவும் இருக்கிறது. வரிசை மாறாமல் இருக்க ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு நிரல் எழுதினேன். பிறகு ஒரு உறையில் ஸ்டாம்ப் ஒட்டும்போது அதையே கோட்டைவிட்டேன்.

விளக்கத்தைப் புதிதாக எழுதி முடித்துவிட்டேன். கடிகாரத்தின் வாக்கியம், ஓட்டுநரின் கேள்வியும் அதற்குப் பதிலும், இரண்டு விலாசக் கதை எல்லாம் உண்டு. நேற்று பொதுப் பட்டியலுக்கு அனுப்பினேன். மாற்றத்தை அனுப்பும்போது, குறையைச் சுட்டிக்காட்டியவர் யார் என்று கடைசியில் ஒரு வரி எழுதுவது எங்கள் வழக்கம். நான் இப்படி எழுதினேன்: “குறையைச் சொன்னவர் என் அக்கா. அவர் சொன்னது சரி. எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.”

எதிர் மேசைக்காரன் இதையும் உரக்கப் படித்தான். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் நிஜமாகவே சிரித்தேன். விளக்கம் இன்று காலை கெர்னலில் சேர்ந்துவிட்டது.

உன் எண்ணைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். உன்னோடு பேசவேண்டும் போல இருக்கிறது. இப்போதே கூப்பிடத்தான் கை போனது. ஆனால் உன்னுடைய கடிதம் ஏதாவது இன்னும் வழியில் இருக்குமோ என்று யோசித்து நிறுத்திக்கொண்டேன். இருக்கிறதா?

தங்கை


ஏப்ரல் 20

சின்னவளே,

பட்டியலில் படித்தேன். மேலாளர் அதை அச்சடித்து டீ மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார். கடிகாரம் தன் வாக்கியத்துக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போனால் கடைசி வரியை மட்டும் பார்க்காமல் திரும்பிவிடுகிறேன், கண் கலங்கினால் கிண்டல் செய்வார்கள்.

கேட்டாயே, அதற்குப் பதில். வீட்டுக்குப் போய்த் தபால் பெட்டியைக் கைவிட்டுத் துழாவிப் பார்த்தேன், உன்னுடையது எதுவும் இல்லை. என்னுடையதில் வழியில் இருப்பது இது ஒன்றுதான், இதற்குப் பின்னால் நான் எதுவும் எழுதவில்லை.

ஆகவே இதைப் படித்து முடித்துவிட்டாய் என்றால் பழைய வரிசை காலி. கூப்பிடு.

அக்கா